வரைபடத்தில் முளைத்த பாடசாலை

எங்கள் ஒழுங்கையில் ஒரு பாடசாலை இருக்கிறது என்று, அம்பிட்டியவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. என் கணவர் மஹ்ரூப் ஒரு நாள் பகல் கண்டி டவுனுக்குப் போய்விட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"நம்மட ஒழுங்கைல ஸ்கூல் ஒண்டு ஈக்காம்."

"எனத்த ஸ்கூல்?"

"தெரியா. ஆனா ஈக்காம். புது மேப்புல போட்டீக்கி."

அவர் போனது பள்ளிக் கூரை விஷயமாக. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சின்னப் பள்ளி. மினாரா எல்லாம் கிடையாது. தகரக் கூரை, பச்சைக் கதவு, தொழுமுன் கை கால் கழுவி வுழூ எடுக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். மழை என்றால் தொழுகிற ஸஃப்பு வரிசைகளுக்கு நடுவே வாளி வைக்க வேண்டும். மஹ்ரூப்தான் அதற்கு நம்பிக்கைப் பொறுப்பாளர். கூரையை மாற்றுவதற்கு வரைந்த பிளானைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது பாடசாலைக் காணி, கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் கொண்டுவாருங்கள்" என்று பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இந்த மனிதரும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என்ன பாடசாலை, யாருடைய பாடசாலை, எந்த ஆண்டு கட்டியது என்று நாலு கேள்வி கேட்க வேண்டாமா? எனக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்தால் சோறு இறங்காது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் மஹ்ரூப்.

அந்த மாதம் கண்டி முழுவதும் இதே பேச்சுத்தான். நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் வலயம் வலயமாகப் பிரித்து, எந்த இடத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று புதிதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். மஞ்சள் என்றால் வீடும் கடையும் கலந்த இடம். பச்சை என்றால் கை வைக்கக்கூடாத இடம். நீலம் கல்விக்கு. பார்த்துவிட்டு ஆட்சேபனை சொல்ல மாதக் கடைசி வரை அவகாசம். இதையெல்லாம் பேப்பரில் வாசித்துவிட்டு, நமக்கென்ன என்று மடித்து வைத்தவள்தான் நானும். நம் ஒழுங்கையில் நமக்கே தெரியாமல் ஒரு பாடசாலை முளைத்திருக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

முதலில் போய்ச் சொன்னது ஜெஸ்மினிடம். அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை, எங்கள் வீட்டு முன் ஹோல்தான் அவளுடைய நேசரி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண். படித்து, பயிற்சி எடுத்து, கலியாணம் முடித்து இங்கே வந்தாள். அவள் கணவன் மத்தியூ கட்டட வேலைக்குப் போன இடத்தில் விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து அந்த வீட்டு அடுப்பு இந்த நேசரியால்தான் எரிகிறது. ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் அவளிடம்தான். எங்கள் பிள்ளைகள், வேதக்காரப் பிள்ளைகள், மேட்டுச் சிங்கள வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்து மூன்று மொழியிலும் கத்துவார்கள். காலையில் என் வீட்டில் கொதிக்கிற சத்தம் எது, பிள்ளைகளின் சத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"நெசமாவா ராத்தா?" என்றாள் ஜெஸ்மின், ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஸ்கூலு வந்தா நல்லதுதானுங்களே. நம்ம புள்ளைங்க நடந்தே போயிரும்."

"வாறதுல்ல புள்ள. ஈக்காம். இப்பவே ஈக்காம்."

அவளும் யோசித்தாள். நானும் யோசித்தேன். மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் யோசித்தது.

பெரிய பணக்காரன் ஒருவன் இன்டர்நேஷனல் ஸ்கூல் கட்டப்போகிறான் என்று ஒரு கதை வந்தது. அப்படியானால் காணி விற்றது யார்? வளைவில் வெறும் காணி வைத்திருப்பவர் ஹாட்வெயார்க் கடை இன்ஷாப். அவரைக் கேட்டேன். "ராத்தா, என்ட காணில வாழைதான் ஈக்கி. வாணுமெண்டா வந்து எண்ணிப் பாருங்க" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த நாள் யாரோ, பள்ளிக் காணியையே மஹ்ரூப் விற்றுவிட்டாராமே என்று தொடங்கினார்கள். பின்னேரம் அஸருக்குத் தொழ வந்த ஒருவர் அதை அவர் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டார். அன்று மஹ்ரூப் சாப்பிடவில்லை.

வேடிக்கையாகத் தொடங்கியது என் வீட்டு மனிதர் தலையில் வந்து விழுந்துவிட்டதே! அப்போதுதான் கிறகரி ஐயா வந்தார். பன்வில பக்கத்துத் தோட்ட ஒபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒழுங்கையின் மேல் வளைவில் இருக்கிறார். அச்சடித்த எதைக் கண்டாலும் வாசிக்காமல் விடமாட்டார், மருந்துப் போத்தலின் லேபலைக்கூட.

"இந்தப் பேச்செல்லாம் எதுக்குங்க? மேப்பத் தொங்க விட்டிருக்காங்களாம். நேரா போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

சனிக்கிழமை நாங்கள் பஸ் ஏறினோம். மஹ்ரூப், நான், கிறகரி ஐயா, நேசரி விடுமுறை என்பதால் ஜெஸ்மின். அம்பிட்டிய பஸ்ஸில் வாவியின் ஓரம் வரும்வரை மஹ்ரூப் பிளானை மடியில் வைத்துச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். கிறகரி ஐயா வழியில் உள்ள கட்டடங்களைக் காட்டி, இது மஞ்சளாக இருக்கும், அது பச்சையாக இருக்கும் என்று தானாகவே நிறம் அடித்துக்கொண்டு வந்தார்.

மண்டபச் சுவரில் ஒரு பக்கம் முழுக்க மேப். சுற்றிலும் சனம். எல்லோருடைய விரலும் தன் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது. தன் வீட்டைக் காட்டுக்குள் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சத்தம் போட்டார். இன்னொரு அம்மா தன் வீடு வாவிக்குள் இருக்கிறது என்று சாதித்தார், பிறகு பார்த்தால் அது அவருடைய கண்ணாடியில் இருந்த ஈரம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒரு இடத்தை இத்தனை காலம் தெரியாமல் இருந்தோமே என்றுகூட நினைத்தேன்.

எங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடித்தவர் கிறகரி ஐயா. மெயின் ரோட்டிலிருந்து விரலை நகர்த்தி, இன்ஷாப்பின் வாழைக் காணி வளைவைத் தாண்டி, நிறுத்தினார்.

"இந்தா இருக்கு பாருங்க."

இருந்தது. விரித்த புத்தகம் ஒன்றின் சின்னம். பக்கத்தில் 'பாடசாலை' என்று சிங்களத்தில். அதைச் சுற்றி இளநீலத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் எங்கள் வீடும் இருந்தது. நான் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"இது எங்கட வீடு. அப்ப இதுக்கு முன்னால ஈக்கிறது..." விரலை ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். "இது நம்மட பள்ளில்ல?"

மஹ்ரூப் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் கிறகரி ஐயா ஒரு சத்தம் போட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அந்தோனியாருக்கு யாருங்க சூலம் குடுத்தது?"

மேல் வளைவில், அவர் வீட்டுக்குப் பக்கத்தில், புனித அந்தோனியார் கோயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெழுகுதிரியோடு அவர் போகிற கோயில். மேப்பில் அந்த இடத்தில் சிலுவை இல்லை. திரிசூலம் இருந்தது. 'இந்துக் கோயில்' என்று எழுதியிருந்தது.

கிறகரி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சூலத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மஹ்ரூப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்கிற விதத்தில் எனக்குப் பயமே வந்துவிட்டது.

"போன வருஷம் கணக்கெடுக்க ஒரு பொண்ணு டெப்பத் தூக்கிக்கிட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா? ஒழுங்கைல என்னென்ன இருக்குன்னு கேட்டுச்சு. நீங்க என்னா சொன்னீங்க மஹ்ரூப்?"

"எங்கட வீட்டுக்கு முன்னால பள்ளி ஈக்கி எண்டு சென்னன்."

"நான் மேல கோயில் இருக்குன்னு சொன்னேன். அந்தப் பொண்ணும் நாம சொன்னத அப்படியே தமிழ்ல எழுதிக்கிட்டுப் போயிருச்சு. அதை யாரோ உக்காந்து சிங்களத்துல மாத்தியிருக்காங்க. பள்ளின்னா படிக்கிற எடம், கோயில்ன்னா சாமி கோயில். அகராதிப் பொத்தகத்துல பாத்து மாத்தியிருப்பாங்க!"

இவ்வளவுதானா! பணக்காரனும் இல்லை, காணி விற்பனையும் இல்லை. பிறந்த நாளிலிருந்து பள்ளி, பள்ளி என்று சொல்லி வருகிறோம். அதை வேறு ஒருவர் வேறு மாதிரி வாசிக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பிள்ளைகள் படிக்கப் போகிற இடத்தை நாங்கள் ஸ்கூல் என்போம். கிறகரி ஐயா வீட்டிலும் அப்படித்தான்.

சத்தம் கேட்டு ஒரு இளம் அதிகாரிப் பெண் வந்தாள். எல்லோரும் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டாள். மஹ்ரூப் அந்தப் புத்தகச் சின்னத்தைத் தொட்டு, இங்கே இருப்பது 'பல்லிய' என்று சிங்களத்தில் சொன்னார். அவள் உடனே, "ஓ, பல்லியவா!" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிங்களத்தில் எங்கள் பள்ளிக்கும் 'பல்லிய' என்றுதான் பெயர், கிறகரி ஐயாவின் கோயிலுக்கும் 'பல்லிய' என்றுதான் பெயர். மொழிபெயர்க்கிறேன் என்று யாரும் மெனக்கெடாமல் பள்ளியைப் பள்ளியாகவே விட்டிருந்தால், மேப் பாதி சரியாக வந்திருக்கும். இதை மிஸ்ஸுக்கு விளங்கப்படுத்தினோம். அவளும் சிரித்தாள். ஆட்சேபனை எழுதிக் கொடுங்கள், விசாரணை நாளில் வந்து சொல்லுங்கள், திருத்திவிடலாம் என்றாள்.

எங்கள் சிரிப்பில் சேராத ஒரே ஆள் ஜெஸ்மின். அவள் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இந்த நீல வட்டம் எதுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

மிஸ் பொறுமையாகச் சொன்னாள். ஒழுங்கை முழுவதும் மஞ்சள் வலயம். வீடு இருக்கலாம், கடை இருக்கலாம். ஆனால் லொறியும் ஓட்டோவும் வந்து போகிற இடம் என்பதால் மஞ்சளில் நேசரி நடத்த இனி அனுமதி கிடையாது. இப்போது இருப்பவையும் வருட முடிவோடு மூட வேண்டும். பாடசாலையைச் சுற்றிய நீல வட்டத்துக்குள் மட்டும் விதிவிலக்கு, அங்கே நேசரியும் இருக்கலாம், கடையும் இருக்கலாம். "பாடசாலையே இல்லை என்றால் வட்டமும் போய்விடும்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம், தன் முன்னால் நிற்பவள் யார் என்று!

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்த ஜெஸ்மின், இறங்கும் இடம் கிட்டியதும் மெல்லக் கேட்டாள்.

"அப்ப நேசரி, ராத்தா?"

நான் எழும்பி, அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் மஹ்ரூப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்சேபனையும் வாணாம், ஒண்டும் வாணாம். மேப்புல ஸ்கூல் எண்டே ஈக்கட்டும். அதால யாருக்கு எனத்த நட்டம்?"

"கூரை?"

"கூரைக்கு பிளாஸ்டிக் ஷீட் போடுங்க. இவ்வளவு காலம் வாளி வெச்சித் தொழல்லயா? அந்தப் புள்ள எங்க போவா? மத்தியூ எழும்பி நடக்கவே ஒரு ஆள் வாணும்."

"மஸீனா, கோபப்படாமக் கேளுங்க. இண்டைக்கி ஸ்கூல் எண்டு வெச்சிக்கிட்டா நாளைக்கி வந்து, இங்க ஏன் தொழுறீங்க எண்டு கேப்பாங்க. அப்ப எனத்தச் செல்லுற? ஓ, நாங்கதான் பேசாம ஈந்தோம் எண்டா?"

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குக் கோபம். பிழையாகப் பேசுகிற மனிதரோடு சண்டை பிடித்து ஜெயிக்கலாம், சரியாகப் பேசுகிறவரோடு என்ன செய்வது? நான் அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளோடு சண்டை பிடித்தேன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் உப்புக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான் பேச்சு. மஹ்ரூப் ஆட்சேபனையை எழுதினார். கிறகரி ஐயா அந்தோனியாருக்காக ஒன்று எழுதினார். நான் இருவரையும் பார்க்கும்போதெல்லாம், "ஒங்களுக்கென்ன, மேப்பு சரியா ஈந்தாப் போதும்" என்று குத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஜெஸ்மினே வந்து என் வாயை அடைத்தாள்.

"மஹ்ரூப் நானாவ ஏசாதீங்க ராத்தா. பள்ளியப் பள்ளின்னுதான் எழுதணும். தொழுற எடத்த மறைச்சு வச்சுட்டு எனக்கு ஒரு நேசரி வேணுங்களா? நல்லா இருக்காதுங்க." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பேராதனைப் பக்கம் ஒரு நேசரிக்கு ஆள் எடுக்குறாங்களாம். போய்க் கேக்கணும். மத்தியூவத்தான் பகல்ல யாரு பாக்குறதுன்னு தெரியல" என்றாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

விசாரணை நாளில் ஒழுங்கையில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், இன்ஷாப் கடையைப் பூட்டிக்கொண்டே வந்திருந்தார். மேசையில் பெரிய அதிகாரி ஒருவர், பக்கத்தில் அதே மிஸ். கிறகரி ஐயா எழுந்து, அந்தோனியாரிடமிருந்து சூலத்தை வாங்கிக்கொண்டு சிலுவையைத் திருப்பித் தரும்படி சிங்களத்தில் கேட்டார். பெரியவரே சிரித்துவிட்டார். அடுத்து மஹ்ரூப். நீட்டாமல், முழக்காமல், பள்ளி என்றால் என்ன என்று சொன்னார். பெரியவர் தலையாட்டினார். பாடசாலைச் சின்னம் நீக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்.

மிஸ் பேனையைத் தூக்கி, "அப்படியானால் அந்த ஒழுங்கையில் பிள்ளைகள் படிக்கிற இடம் ஒன்றும் இல்லை. நீல வட்டத்தையும் எடுத்துவிடலாம்தானே?" என்று கேட்டாள்.

மஹ்ரூப் ஆம் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். அவர் உட்காரவில்லை. தொப்பியைச் சரிசெய்தார். அவர் யோசிக்கும்போது செய்கிற வேலை அது.

"எடுக்க வேண்டாம் மிஸ்" என்றார் சிங்களத்தில். "அழிக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகள் படிக்கிற இடம் இருக்கிறது, பள்ளியில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற வீட்டில். போன வருடம் உங்கள் ஆள் வந்து கேட்டபோது நாங்கள் எல்லோரும் அந்த நேசரிக்குள்தான் உட்கார்ந்திருந்தோம். இந்தப் பிள்ளைதான் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தது. பள்ளியைச் சொன்னோம், கோயிலைச் சொன்னோம், உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை."

உண்மைதான். சின்னச் சின்னக் கதிரைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துதானே அன்று எல்லாவற்றையும் சொன்னோம். நேசரிக்கு இன்னும் அனுமதி எடுக்கவில்லை என்ற பயத்தில் ஜெஸ்மினும் அன்று வாய் திறக்கவில்லை.

பெரியவர் விதிகளைப் புரட்டினார். செய்யலாம் என்றார். ஏற்கெனவே நடக்கிற நேசரி என்றால் அந்தக் காணியையே கல்விக்கான இடமாகக் குறிக்கலாம். ஆனால் குறித்தால் குறித்ததுதான். இந்தத் திட்டம் இருக்கும்வரை, அதாவது பத்து வருடத்துக்கு, அந்த இடத்தில் கடையோ வேறு எதுவுமோ போட முடியாது. காணி உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்.

"நீங்கள்தானே உரிமையாளர்?"

"இல்லை" என்றார் மஹ்ரூப். "வீடு என் மனைவி பெயரில். அவருடைய வாப்பா எழுதிக் கொடுத்தது." பிறகு என் பக்கம் திரும்பினார்.

மண்டபமே திரும்பியது.

அந்த முன் ஹோலைப் பற்றி நான் இன்னும் ஒன்று சொல்லவில்லை. என் மகள் இல்மா புருஷனோடு கட்டாரில் இருக்கிறாள். அடுத்த வருடம் வந்துவிடுவாள். வந்து அந்த ஹோலில் பெண்கள் உடுப்புக் கடை போடுவதாகத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு. கண்ணாடிக் கதவு, சுவர் அலுமாரி, லைட் என்று அவள் அனுப்பிய படங்கள் என் போனில் நிறைந்து கிடக்கின்றன. நேசரி அதுவரைக்கும்தான் என்று என் மனதில் இருந்தது. அதை நான் ஜெஸ்மினிடம் சொன்னதில்லை. வட்டம் அப்படியே இருந்தால் இன்றைக்கு நேசரி, நாளைக்குக் கடை, இரண்டும் நடக்கும். வட்டம் போனால் நேசரி போகும், கடை இருக்கும். இப்போது கேட்கிறதோ என் கடையை.

ஒரு வாரம் முழுக்க அந்த மனிதரை நான் என்ன பாடுபடுத்தினேன்! பள்ளிக் கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று எவ்வளவு இலேசாகச் சொன்னேன். என் தலைக்கு மேல் ஒழுகாத கூரைதானே. இப்போது என் முறை வந்ததும் போனில் இருக்கிற கடைப் படங்கள்தான் கண்ணுக்குள் நின்றன. ஜெஸ்மினுக்காக உயிரைக் கொடுப்பவள் போல அழுத மஸீனா எங்கே போனாள் என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மஹ்ரூப் மேல் கோபமும் வந்தது, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிச் சபையில் நிறுத்திவிட்டாரே என்று. அவர் முகத்தைப் பார்த்தால், அவருக்கே அது அந்த நிமிடம்தான் தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது.

பக்கத்தில் இருந்த ஜெஸ்மின் என் சாரித் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் ராத்தா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இல்மா கடை போடணும்ல."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த ஹோலைக் கூட்டித் துடைக்கும்போது, இது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று தெரிந்தே துடைத்திருக்கிறாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, என்னைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிற நான், அவளிடம் கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்டதில்லை.

நான் எழுந்தேன்.

"போடுங்க" என்றேன் தமிழில். பிறகு நினைவு வந்து சிங்களத்திலும் சொன்னேன். "எங்கள் வீட்டில் போடுங்கள். எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்று மிஸ், தமிழில் எழுதும்போது பள்ளி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்."

கிறகரி ஐயா தொடையில் தட்டிச் சிரித்தார். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஜெஸ்மின் சிரிக்கவில்லை, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் நனைந்தது.

இல்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். "உம்மா, என்னையக் கேக்கவே இல்லையே" என்றாள். நியாயம்தான். சில நாள் போன் எடுக்கவில்லை. எடுத்த பிறகும் பழைய பேச்சு இன்னும் வரவில்லை. டவுனில் இடம் பார்க்கிறேன் என்கிறாள். அவள் அனுப்பிய படங்களை நான் அழிக்கவில்லை. அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்குப் புதுக் கூரை போட்டாயிற்று. திருத்திய மேப் வந்ததும் மஹ்ரூப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தோனியாருக்குச் சிலுவை கிடைத்திருந்தது. பள்ளிக்குப் பிறை. எங்கள் வீட்டின் மேல் சின்ன நீலப் புள்ளி, பக்கத்தில் தமிழில் ஒரு சொல். படத்தைப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'முன்பள்ளி.'

"பள்ளி எண்டு எழுத வாணாம் எண்டு செல்லிட்டுத்தானே வந்தன்!" என்று கத்தினேன்.

கிறகரி ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "கவர்மெண்டுத் தமிழ்ல நேசரிக்கு அதுதாங்க பேரு. எல்லா எடத்துலயும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார்.

"பள்ளிக்கு முன்னால ஈக்கிறதுதானே" என்றார் மஹ்ரூப். "இந்த முறை சரியாத்தான் எழுதீக்கி." கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரே பகிடி அது. அதையே ஒரு வாரம் ஒழுங்கையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

ஜெஸ்மினும் அந்தப் பெயரையே வாசல் கேட்டுக்கு மேலே போர்ட்டில் எழுதிப் போட்டாள். அனுமதிக்கு அதுதான் வேண்டுமாம்.

போன வாரம் அஸர் நேரம், முன் ஹோலில் பிள்ளைகள் இல்லை. வாசலில் யாரோ வந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். பயணம் வந்த ஒரு பெரிய மனிதர், சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, போர்ட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாதியை எங்கள் முல்லைக் கொடி மறைத்திருந்தது.

"ஸலாம். பள்ளி இதானே? வுழூ எடுக்குற எடம் எங்கன?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்து, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இனி இந்த வீட்டைப் பார்த்து யாரும் கடையா என்று கேட்கப்போவதில்லை.

"பள்ளி எதிர்ல நானா" என்றேன். "இது நேசரி."